பெரில் அக்காவும் கழிப்பறைக் கரடியும்

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு ஓவியப் பயிற்சி பற்றிப் பதில் எழுதும்போது, 'மனித உடம்பை எப்படி வரைய வேண்டும் என்று தெரிய ஜோவானா குவின் படங்களைப் பாருங்கள்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்தத் தடவை அதிகம். சரி, இந்த இதழ் முழுக்க அவரே இருக்கட்டும்.

யார் சார் அந்த ஜோவானா குவின்? டிஸ்னியில் இருந்தவரா?
_கல்லூரி மாணவி, கோவை_

டிஸ்னிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. கையால் வரைந்து அனிமேஷன் குறும்படங்கள் எடுக்கும் இயக்குநர். 1962இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். லண்டனில் மிடில்செக்ஸ் பாலிடெக்னிக்கில் கிராஃபிக் டிசைன் படித்தார். படிக்கும்போதே ஆரம்பித்த ஒரு பென்சில் படத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு 1985இல் வேல்ஸின் கார்டிஃபுக்குக் குடிபோனார். இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டியிருக்கும் ஊர் அதுதான். அந்தப் படம் 'கேர்ள்ஸ் நைட் அவுட்'. 1987இல் முடிந்தது. அதே ஆண்டு பிரான்ஸின் ஆன்னெசி அனிமேஷன் விழாவில் மூன்று பரிசுகளை அள்ளியது.

கதை இதுதான். பெரில் என்று ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. வேல்ஸ்காரி. நடுத்தர வயது, நல்ல பருத்த உடம்பு. அன்று அவளுக்குப் பிறந்தநாள். கணவர் டிவி முன்னால் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். தோழிகள் பெரிலை பப்புக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே ஆண் ஒருவன் துணியை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆடும் ஆட்டம். அவன் திமிராக இடுப்பை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வர, பெரில் அவனுடைய சிறுத்தைப்புலிக் கோவணத்தை ஒரே இழுப்பாக உருவிவிடுகிறாள். ஏறத்தாழ ஆறு நிமிடம். பெண்ணுரிமை பற்றி ஒரு வசனம் கிடையாது. அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள்தான் கால்மேல் கால் போட்டு நெளிவார்கள்.

கார்ட்டூன் படத்துக்குப் பணம் கொடுத்தது யார்? நம் ஆட்களுக்கெல்லாம் அப்படி யாரும் கிடைக்க மாட்டார்களா?
_குறும்பட இயக்குநர், மதுரை_

நேரம் என்று ஒன்று உண்டு. 1982 நவம்பரில் பிரிட்டனில் இரண்டு டிவி சேனல்கள் பிறந்தன. ஒன்று சேனல் ஃபோர். இன்னொன்று வேல்ஸ் மொழிக்கான எஸ்-ஃபோர்-சி. இரண்டுக்கும் அனிமேஷன் மேல் ஒரு ஆசை இருந்தது. சேனல் ஃபோர், பெரியவர்களுக்கான அனிமேஷனுக்கே காசு ஒதுக்கியது. எஸ்-ஃபோர்-சி இருந்ததால் கார்டிஃபில் ஒரு சின்ன அனிமேஷன் தொழிலே உருவானது. ஷேக்ஸ்பியர் நாடகங்களை மாஸ்கோ ஸ்டூடியோக்களோடு சேர்ந்து அனிமேஷன் தொடராக எடுத்ததும் அவர்கள்தான். குவின் போய் இறங்கியது சரியாக அந்தச் சமயத்தில். 'கேர்ள்ஸ் நைட் அவுட்' முடியவும் அவர்கள் கை கொடுத்தார்கள். திறமை இருந்தது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் திறமையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அந்தச் சேனல்களைச் சொல்லாமல் விட்டால் அது பாதிக் கதை.

இன்னொரு பாதி லெஸ் மில்ஸ். கதை, தயாரிப்பு இரண்டும் அவர் பொறுப்பு. இருவரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனிக்கு வைத்த பெயர் பெரில் புரொடக்‌ஷன்ஸ். ஒரு கற்பனைத் தொழிலாளி பெயரில் கம்பெனி! எனக்கு ரொம்பப் பிடித்த பெயர்ப்பலகை இது.

அவர் படங்களை யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்தேன். கோடெல்லாம் நடுங்குகிறது, சில இடத்தில் ஒரு கைக்கு நாலு கோடு இருக்கிறது. முடிக்காமல் விட்ட மாதிரி இருக்கிறதே?
_ஓவிய ஆசிரியர், கும்பகோணம்_

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு டப்பா பென்சில் அனுப்பலாம்.

நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில் கிளீன்-அப் என்று ஒரு பிரிவு உண்டு. அனிமேட்டர் வரைந்த கரடுமுரடான டிராயிங்கை, அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகையான லைட் பாக்ஸில் வைத்து, மேலே புதுத் தாளைப் போட்டு, ஒரே சீரான கோடாக இழுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. கோடு சுத்தமாகிவிடும். கூடவே அனிமேட்டரின் கை போட்ட அழுத்தமும் போய்விடும். குவின் அந்த அழுத்தத்தைத் திரையில் அப்படியே விட்டுவைக்கிறார். நீங்கள் பார்த்த நாலு கோடு, அந்தக் கை எங்கிருந்து எங்கே போகிறது என்று தேடிய கோடுகள்.

பெரில் சிரிக்கிற இடம் எதையாவது ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தோள் முதலில் குலுங்கும். முகவாய்க்கட்டைக்குக் கீழே இருக்கும் சதை கொஞ்சம் தாமதித்துக் கிளம்பும். வயிறு அதற்கும் பிறகு. தோள் நின்றுவிட்டது, வயிறு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். இந்தத் தாமதத்தில்தான் உடம்புக்கு எடை வருகிறது. மாடலை எதிரில் உட்காரவைத்து வருஷக்கணக்கில் வரைந்த கைக்குத்தான் இது வரும். சுத்தமான அவுட்லைனுக்குள் அடைத்தால் பெரில் பலூன் பொம்மையாகிவிடுவாள்.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?
_இல்லத்தரசி, தஞ்சாவூர்_

முதல் பதிலைப் படித்த பிறகுமா கேட்கிறீர்கள்? பெரில் படங்கள் வேண்டாம். 'ஃபேமஸ் ஃபிரெட்' காட்டுங்கள். 1996இல் வந்த அரை மணி நேர டிவி படம், போஸி சிம்மண்ட்ஸ் எழுதிய குழந்தைகள் புத்தகத்திலிருந்து. வீட்டுப் பூனை செத்துப்போகிறது. பகலெல்லாம் தூங்கி வழிந்த அந்தப் பூனை, ராத்திரியில் ஊர் பூனைகளெல்லாம் கொண்டாடிய பாட்டுக்கார நட்சத்திரம் என்பது பிறகுதான் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. பூனைக்குக் குரல், நகைச்சுவை நடிகர் லென்னி ஹென்றி.

ஆஸ்கர் வாங்கியிருக்கிறாரா?
_சேலம் வாசகர்_

இல்லை. இரண்டு முறை இறுதிப் பட்டியல் வரை போனார். 1998இல் அந்தப் பூனைப் படத்துக்கு. அந்த வருஷம் பிக்ஸாரின் 'ஜெரிஸ் கேம்' தட்டிக்கொண்டு போனது. அப்புறம் 2022இல் லெஸ் மில்ஸோடு சேர்ந்து, 'அஃபேர்ஸ் ஆஃப் தி ஆர்ட்' படத்துக்கு.

பெரில் படங்கள் மொத்தமே நாலுதான் என்கிறார்கள். 1987, 1990, அப்புறம் 2006, 2021. நடுவில் என்ன செய்தார்? சாப்பாட்டுக்கு?
_அனிமேஷன் மாணவர், சென்னை_

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள் தம்பி.

அமெரிக்காவில் சார்மின் என்று ஒரு கழிப்பறைக் காகிதம். அதன் விளம்பரத்தில் பின்பக்கத்தை மரத்தில் தேய்த்துக்கொள்ளும் கொழுகொழு கரடி வருமே, அதை வடிவமைத்து உயிர் கொடுத்தவர் நம் ஜோவானா குவின். பெரிலைத் தெரியாத கோடிக்கணக்கான அமெரிக்கர்களுக்கு அந்தக் கரடியைத் தெரியும். உற்றுப் பார்த்தால் கரடியின் இடுப்பும் தொடையும் பெரிலிடம் கடன் வாங்கியவை என்று எனக்குத் தோன்றும்.

குறும்படம் சோறு போடாது, விளம்பரம் போடும். இதைச் சிலர் சமரசம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது விநாடிக்குள் ஒரு கரடியின் சுகத்தைக் காட்டுவதும் அதே பென்சில் வேலைதான். விளம்பரக் கம்பெனிக்காரன் பெரிலின் கதையில் மூக்கை நுழைக்கவில்லை என்பது முக்கியம்.

அந்த இடைவெளியில் சும்மாவும் இல்லை. 1998இல் பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' அனிமேஷனாக வந்தபோது 'வைஃப் ஆஃப் பாத்' பகுதியை இவர் செய்தார். ஐந்து கல்யாணம் செய்துகொண்டு, அதை வெட்கமில்லாமல் ஊருக்குச் சொல்லும் பதினான்காம் நூற்றாண்டுப் பெண்மணி. பெரிலுக்கு மூத்த அக்கா என்றே சொல்லலாம். வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு டிராயிங்குக்கு இரண்டு ஃபிரேம் என்றால் விநாடிக்கு 12 டிராயிங், நிமிடத்துக்கு 720. 'அஃபேர்ஸ் ஆஃப் தி ஆர்ட்' 16 நிமிடம். குறைந்தபட்சக் கணக்கே 11,520 வருகிறது. திரையில் இரண்டு பேர் இருந்தால் ஏறும். பிடிக்காமல் கசக்கிப் போட்டது தனி. நாலு பெரில் படங்களையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் தேறாது, ஆனால் அதற்குப் பின்னால் முப்பத்துச் சொச்சம் வருஷம் இருக்கிறது.

பிரிட்டிஷ்காரர் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தைக் கிண்டல் செய்து படம் எடுத்தாரா? நண்பர் சொன்னார், நம்பவில்லை.
_ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை_

நம்புங்கள் ஐயா. 1993, 'பிரிட்டானியா'. ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் முழு சாம்ராஜ்யமும் ஒரு புல்டாக் நாயாக வந்துபோகும். நாயின் உருவம் வேறு வேறாக மாறிக்கொண்டே போவதுதான் சரித்திரம். ஒரு வகுப்புக்கு ஆகும் பாடத்தை நாயை வைத்தே முடித்துவிட்டார். உங்கள் வகுப்பில் போட்டிருந்தால் பையன்கள் கடைசி மணி அடித்தும் எழுந்திருக்க மாட்டார்கள்.

எந்தப் படத்தில் தொடங்குவது?
_திண்டுக்கல் வாசகி_

வரிசையாகப் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன். 2006இல் வந்த 'ட்ரீம்ஸ் அண்ட் டிசையர்ஸ்' முதலில். பெரிலுக்கு ஒரு டிஜிட்டல் வீடியோ கேமரா கிடைக்கிறது. உடனே அவள் தன்னை சோவியத் சினிமா மேதை ஐசன்ஸ்டைனாக நினைத்துக்கொள்கிறாள். தோழியின் கல்யாணத்தைப் படம் பிடிக்கப் போய், கலை ஆர்வம் தலைக்கேறி, கேமராவை நாய் முதுகில் கட்டிவிடுகிறாள். அப்புறம் கல்யாணம் என்ன ஆகும்?

நாம் பார்ப்பது அந்தக் கேமரா வழியாகத்தான். இங்கேதான் தொழில் தெரிந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். வழக்கமாகப் பின்னணியை ஒரு தடவை வரைந்து வைத்துவிட்டு, அதன்மேல் ஆட்களை மட்டும் ஆடவிடுவோம். கேமராவே தடுமாறி ஓடினால் அந்த வசதி போச்சு. சுவர், மேஜை, மாப்பிள்ளை, மூக்கு எல்லாம் ஒவ்வொரு தாளிலும் கோணம் மாறும். எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப வரைந்தாக வேண்டும். அதையும் கையால் வரைந்திருக்கிறார். அடுத்ததாக 1990இன் 'பாடி பியூட்டிஃபுல்' பாருங்கள். அதில் பெரில் வேலை செய்வது வேல்ஸில் ஜப்பானியர் நடத்தும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில். கூட வேலை பார்க்கும் வின்ஸ் என்ற அலட்டல் பேர்வழி அவள் உடம்பைக் கேலி செய்துகொண்டே இருப்பான். நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடி, வேல்ஸ் ஆண்கள் வேலையில்லாமல் நின்ற காலம் அது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் வின்ஸின் அலட்டல் வேறு மாதிரி தெரியும்.

பெரிலின் கணவர் கடைசிவரை டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாரா?
_அதே கோவை மாணவி, இரண்டாவது கடிதம்_

இல்லை. 2021இல் வந்த 'அஃபேர்ஸ் ஆஃப் தி ஆர்ட்' படத்தில் பெரிலுக்கு 59 வயது. ஓவியப் பைத்தியம் பிடித்துவிட்டது. குடும்பத்தில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு பைத்தியம். சகோதரி பெவர்லிக்குச் செத்த பிராணிகள், மகன் காலினுக்குத் திருகாணி மரை. கணவர் இஃபோர் மட்டும் என்ன செய்வார்? டிவியை விட்டு எழுந்து, சட்டை வேட்டி எதுவும் இல்லாமல் மனைவிக்கு மாடலாக நிற்கிறார்.