"பொடி வெடக்" என்று வந்து நிற்பவர்களை என்ன செய்வது?

கேள்வி: கொழும்பு, கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒரு சின்ன வேலை, சிங்களத்தில் 'பொடி வெடக்', என்று பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா யாராவது வந்து நிற்கிறார்கள். மாத முடிவில் சம்பளக் கணக்கை முடிக்க இரவு ஏழு மணியாகிறது. முகம் முறியாமல் இதை நிறுத்த வழி உண்டா?

பதில்: முழுசாக நிறுத்த முடியாது, குறைக்கலாம். ஆள் வந்ததும் நிமிர்ந்து பார்க்கும் முன், விட்ட வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அப்புறம், "இதை முடிச்சிட்டு பதினொரு மணிக்கு உங்கட மேசைக்கு நானே வாறன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி போகவும் வேண்டும். அவர் மேசை என்றால் எப்போது கிளம்புவது என்பது உங்கள் கையில் இருக்கும். சீட்டுக் காசு சேர்க்க வருபவருக்கும் இதே பதில்தான்.

முகாமையாளரிடம் ஆட்களின் பெயரைக் கொண்டு போகாதீர்கள், திகதியைக் கொண்டு போங்கள். ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை அடுத்த மாத இறுதிக்குள் கட்ட வேண்டும். சில நாள் பிந்தினாலே 5 சதவீத மிகைக் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் அது 50 சதவீதம். இதைச் சொல்லி, மாதக் கடைசி வாரத்தில் காலை இரண்டு மணித்தியாலம் கணக்குப் பிரிவுக்கு யாரும் வரவேண்டாம் என்று அவர் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். தண்டம் என்றால் மட்டும் நம் நிறுவனங்களுக்குக் காது கேட்கும். வாடகையை மிச்சம் பிடிக்க மறைப்புகளைக் கழற்றி எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்கார வைப்பார்கள். பிறகு ஊழியர்களுக்குக் கவனம் போதாது என்று பயிற்சி வகுப்பு வைப்பார்கள்.

அந்த நேர முகாமைத்துவ வகுப்புகளுக்குச் சொந்தக் காசைக் கட்டிவிடாதீர்கள். ஹோட்டலில் அரைநாள், பஃபே சாப்பாடு, ஒரு சான்றிதழ். திங்கட்கிழமை அதே ஆட்கள் அதே மேசையில் வந்து நிற்பார்கள்.

இதைவிட ஆபத்தானவர் உங்கள் அலுவலகத்திலேயே இருப்பார். "நீங்க ஒண்டும் சொல்லாதீங்க, நான் பேசித் தாறன்" என்று முன்வரும் நல்லவர். நீங்கள் "கொஞ்சம் இடைஞ்சலா இருக்கு" என்றது, அவர் வாய்க்குள் போய், தமிழில் ஒரு சுற்று, சிங்களத்தில் ஒரு சுற்று சுற்றி, மத்தியானத்துக்குள் மனிதவளப் பிரிவில் முறைப்பாடாகி நிற்கும். இரண்டு பக்கமும் அவருக்கு நன்றி சொல்லும், பகை மட்டும் உங்களுக்கு. பேசவேண்டியதை நீங்களே நேரே பேசுங்கள்.

புதிதாகச் சேர்ந்த பயிலுநரிடம் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அவர் கேட்கும் கேள்வி தொந்தரவு இல்லை, உங்கள் வேலையின் ஒரு பகுதி. தெரியாமல் ஒரு வவுச்சரைத் தவறாகப் பதிந்தால் கணக்காய்வு நேரத்தில் தேடப்போவது நீங்கள்தான். கேள்விகளை ஒரு தாளில் சேர்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லலாம். ஆனால் பணம் வெளியே போகும் விஷயம் என்றால் உடனே வரலாம் என்றும் சொல்லி வையுங்கள். ஒருமுறை கடுகடுத்தால் அடுத்த தடவை கேட்காமலே பதிந்துவிடுவார்.

இனி அந்த ஏழு மணி விஷயம். குளோரியா மார்க் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், இடைமறிக்கப்பட்டவர்கள் வேலையை வேகமாகவே முடித்தார்கள், ஆனால் மன அழுத்தம் கூடியிருந்தது. வேலை முடிகிறதே என்று மேலிடம் பேசாமல் இருப்பது இதனால்தான். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலைநேரம் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு கூலி. தரமறுத்தால் தொழில் திணைக்களத்தில் நீங்களே முறையிடலாம், சட்டத்தரணி தேவையில்லை. "ஃபைலை நகர்த்தித் தாறன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வருகைப் பதிவை மட்டும் மாதாமாதம் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.