ராஜா தலையும் மாட்டு வண்டியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தாத்தா மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (கணக்கராக) இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில், ஊரிலிருந்து பாட்டி போட்ட கடிதங்கள் உறையோடு கிடைத்தன. உறைமேல் ராஜா தலையோடு மாட்டு வண்டியும், ஓடுகிற ஆளும் படம் போட்ட ஸ்டாம்புகள். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து ஆல்பத்தில் ஒட்டலாம் என்கிறான் என் மகன். செய்யலாமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: முதலில் அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கொட்டிவிடச் சொல்லுங்கள் அம்மா!

உங்களிடம் இருப்பது 1937-ல் வெளிவந்த ஆறாம் ஜார்ஜ் வரிசை. அதில் 2 அணாவிலிருந்து 12 அணா வரை உள்ள தபால்தலைகளில், கடிதம் எதிலெல்லாம் ஏறிப் போகிறது என்பதையே படமாகப் போட்டார்கள். 2 அணாவில் தபால் ஓட்டக்காரர், 2 அணா 6 பையில் (பை என்பது அணாவிலும் சிறிய அந்தக் காலக் காசு) மாட்டு வண்டி, 3 அணாவில் குதிரை டோங்கா, 3 அணா 6 பையில் ஒட்டகம், அப்புறம் 4 அணா ரயில், 6 அணா கப்பல், 8 அணா லாரி, 12 அணா விமானம். காசு ஏற ஏற வேகமும் ஏறுகிறது பாருங்கள் (ஒட்டகம் எப்படிக் குதிரையை முந்தியது, கப்பலும் லாரியும் எப்படி ரயிலை முந்தின என்று என்னைக் கேட்காதீர்கள்). பெரும்பாலும் ராஜா தலையே போட்டுக்கொண்டிருந்த காலத்தில், மூட்டையைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியில் சலங்கை கட்டிய ஈட்டியோடு ஓடிய ஒரு சாதாரண ஆளுக்கும் ராஜாவின் பக்கத்திலேயே இடம் கொடுத்தார்கள் என்பதால் எனக்கு இந்த வரிசைமேல் தனிப் பிரியம்.

சரி, ஏன் பிரிக்கக் கூடாது? தனித் தபால்தலையாகப் பார்த்தால் மாட்டு வண்டி அப்படி ஒன்றும் அபூர்வமில்லை, சந்தையில் கிடைக்கும். உறையோடு இருப்பதுதான் உங்கள் வீட்டுச் சொத்து. ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருங்கள். முன்பக்க முத்திரையில் போட்ட ஊரும் தேதியும் இருக்கும், பின்பக்கம் திருப்பினால் போய்ச் சேர்ந்த ஊர் முத்திரை மங்கலாகத் தெரியலாம், இரண்டு தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று உங்கள் மகனை எண்ணச் சொல்லுங்கள். மாட்டு வண்டி ஒட்டிய கடிதம் ரயிலில் போய், நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கியிருக்கும். அந்த வழியில் ஓடிய, 1926-ல் கட்டிய ரஜூலா கப்பலைப் பற்றி டெல்டாவில் கேட்காத வீடு உண்டா? 1939-க்குப் பிந்தைய கடிதம் என்றால் உறையின் ஓரம் வெட்டப்பட்டு, மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது போர்க்காலத் தணிக்கை அதிகாரி பிரித்துப் படித்துவிட்டு ஒட்டியது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலேயாவுக்குள் வந்துவிட்டான், அதன்பிறகு சில வருஷத்துக்குக் கடிதமே இல்லாமல் தேதி தாவும். இதையெல்லாம் தண்ணீரில் கரைத்துவிட்டு ஓர் அங்குலக் காகிதத்தை ஆல்பத்தில் ஒட்டி என்ன ஆகப்போகிறது?

கேள்வி: தபால்தலைகளில் நம் டெல்டாவுக்கு இடம் உண்டா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010-ல் 5 ரூபாய்த் தபால்தலை வந்தது. 1949 ஆகஸ்ட் 15 அன்று நாட்டின் பழம்பெரும் சின்னங்களை வைத்து 16 தபால்தலைகள் கொண்ட வரிசை ஒன்று வெளியிட்டார்கள். அஜந்தா யானை 3 பை, கொனார்க் குதிரை 6 பை, தாஜ்மகால் 5 ரூபாய் என்று போகும் அந்த வரிசையில் 2 அணாவுக்கு நடராஜர். ஐம்பொன் சிலை வார்க்கும் சுவாமிமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கும் முன்னால், 1935-ல் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி விழாத் தபால்தலைகளில் 1 அணாவுக்கு ராமேஸ்வரம் கோயில் வந்துவிட்டது. அது டெல்டா இல்லைதான், ஆனாலும் போட் மெயில் ரயிலில் நம் ஊர் வழியாகத்தானே போனார்கள்! பாம்பன் பாலமும் 2007-ல், நாட்டின் முக்கியப் பாலங்கள் வரிசையில், தபால்தலை ஏறியது.

ரயில் என்றால் 1953 ஏப்ரல் 16 தேதியிட்ட 2 அணாத் தபால்தலையைத் தேடுங்கள். 1853 எஞ்சினும் 1953 எஞ்சினும் ஒரே படத்தில் இருக்கும். அது பம்பாய் – தானே முதல் ரயிலின் நூற்றாண்டுக்கு வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லேயே ரயில் விட்டுவிட்டார்கள், அதாவது பம்பாய்க்கு எட்டே வருஷம் பின்னால். என் ஆசை வேறு. உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தாராசுரத்துக் கல் தேர் மண்டபத்தையும், சக்கரம் உருளும் திருவாரூர் ஆழித் தேரையும் ஜோடியாகப் போட்டால் வண்டியும் ஆச்சு, பாரம்பரியமும் ஆச்சு.

கேள்வி: சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை பல லட்சம் போகுமாமே? என்னிடம் இரண்டு இருக்கிறது.
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: போகாது. 1947 நவம்பர் 21-ல் வந்த 'ஜெய் ஹிந்த்' கொடி, 3½ அணா, வெளிநாட்டுக் கடிதத்துக்கானது. டிசம்பர் 15-ல் அசோகச் சிங்கம் 1½ அணா, விமானம் 12 அணா. மூன்றும் சேர்ந்தால் அழகான ஜோடனை, விலை சொற்பம்தான். லட்சங்களில் போவது 1948 காந்தி 10 ரூபாய்த் தபால்தலையில் 'சர்வீஸ்' என்று மேலச்சு அடித்தது. கவர்னர் ஜெனரல் அலுவலக உபயோகத்துக்கு 100 மட்டும் அடித்தார்கள். அது உங்கள் பீரோவில் இருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளியில் தபால்தலைக் கழகம் தொடங்க நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு இதில் ஏதாவது பயன் உண்டா?
– ஆசிரியை, மன்னார்குடி

பதில்: 'ஸ்பர்ஷ்' என்று அஞ்சல் துறையின் உதவித்தொகை இருக்கிறது டீச்சர். 6 முதல் 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷம் 6,000 ரூபாய், வினாடி வினாவும் செயல்திட்டமும் வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். தலைமை அஞ்சலகத்தில் 200 ரூபாய் கட்டித் தபால்தலை வைப்புக் கணக்கு தொடங்கினால் புதுத் தபால்தலைகள் வீட்டுக்கே வரும். உலகத்தையே சேர்க்கிறேன் என்று யாரையும் கிளம்ப விடாதீர்கள், ஒரு பிள்ளைக்கு ரயில், ஒரு பிள்ளைக்குக் கோயில் என்று பிரித்துக் கொடுங்கள்.

கேள்வி: ஐப்பசி வந்தாலே ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. என்ன செய்வது?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கடலோரத்தில் இருந்துகொண்டு பசையுள்ள புதுத் தபால்தலைகளை அடுக்கி அழுத்தி வைத்தால் அப்படித்தான் ஆகும். ஆல்பத்தைப் படுக்கப் போடாமல் புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள், மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கூடவே போடுங்கள், வெயில் அடிக்கும் நாளில் நிழலில் திறந்து வைத்துக் காற்றாட விடுங்கள். கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். சோற்றுப் பசையும் வேண்டாம்! ஏழாவது படிக்கும்போது, மேலே சொன்ன 1953 எஞ்சின் தபால்தலையைப் பழைய சோற்றை மசித்து நோட்டில் ஒட்டிவைத்தேன். மழைக்காலம் முடிந்து திறந்தால் ராமபாணப் பூச்சி 1953 எஞ்சினை முழுசாகத் தின்றுவிட்டு 1853-ஐ மட்டும் மிச்சம் வைத்திருந்தது.