தங்கச் சிப்பிக்கு ஆசைப்படும் மாமாவும் 18 நிமிடப் படமும்

மதுரையிலிருந்து ஓர் அப்பா போன் செய்தார். மகள் மாட்ரிட்டில் சினிமா படிக்கிறாள். கல்லூரித் தோழர்களோடு 18 நிமிடம் ஓடும் ஸ்பானிஷ் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறாள். "சான் செபாஸ்தியான்ல வரலேன்னா இந்தப் படிப்பே தண்டம்ங்கறார் என் மச்சினர். கடன் வாங்கிப் படிக்க வைக்கிறேன் சார்" என்றார். கவலைப்படாதீங்க என்று ஆரம்பித்தவன், மச்சினர் பேச்சு மறுபடி வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

சார், சான் செபாஸ்தியான் ஸ்பெயினில் 1953-லிருந்து நடக்கிற திரைப்பட விழா. மச்சினர் கனவு காணும் தங்கச் சிப்பி அதன் முதல் பரிசு, முழுநீளப் படங்களுக்கானது. உங்கள் பெண்ணின் படம் அந்தப் பந்தயத்திலேயே கிடையாது. மாணவர் குறும்படங்களுக்கு அங்கே 'நெஸ்ட்' என்று தனிப் பிரிவு உண்டு. அது கல்லூரி வழியாகப் போக வேண்டியது. ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும், போதும். மாலகா, ஹவானா விழாக்கள் பற்றியெல்லாம் அவளுக்கே தெரியும்.

நான் சொல்வது உவெஸ்கா. ஸ்பெயினின் அரகோன் பகுதியில், பிரனீஸ் மலைக்குக் கீழே சின்ன ஊர். இயக்குநர் கார்லோஸ் சௌரா பிறந்த ஊர். 1973-லிருந்து குறும்படத்துக்கென்றே விழா நடத்துகிறார்கள், ஜூன் மாதத்தில். முழுநீளப் படத்துக்குத் துணுக்காகக் குறும்படத்தைப் போடும் இடமில்லை. அங்கே குறும்படம்தான் கல்யாண மாப்பிள்ளை. ஸ்பெயின், போர்ச்சுகல், லத்தீன் அமெரிக்கப் படங்களுக்குத் தனிப் போட்டியே இருக்கிறது. பரிசின் பெயர் டான்சாந்தே. ஆகஸ்டில் சான் லொரென்சோ திருவிழாவில் ஆடும் உள்ளூர் ஆட்டக்காரர்களின் பெயர் அது. அந்தப் பரிசை வென்ற குறும்படம் ஆஸ்கர் குறும்படப் பிரிவுக்கு விண்ணப்பிக்கவும் தகுதி பெறும். மச்சினருக்கு ஆஸ்கர் என்ற சொல்லை மட்டும் சொல்லுங்கள், அடங்கிவிடுவார். மாட்ரிட்டிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம். விமானச் செலவு கிடையாது.

படத்தை யூடியூபில் ஏற்றி லைக் வாங்கலாம் என்று மச்சினர் சொல்லியிருக்கிறார். கூடவே கூடாது. தகுதி பெறுவதற்கு முன்பே இணையத்தில் பொதுவில் வெளியான குறும்படத்தை ஆஸ்கர் விதி ஏற்காது.

அடுத்து பணம். 60 விழாக்களுக்கு அனுப்பித் தருகிறேன் என்று ஒருவர் உங்களிடம் ஒரு லட்சம் கேட்டாராமே, ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். ஃபெஸ்ட்ஹோம், ஃபிலிம்ஃப்ரீவே தளங்களில் படத்தை ஒருமுறை ஏற்றிவிட்டால் அங்கிருந்தே பல விழாக்களுக்கு அனுப்பலாம். அவளுக்கு அரைநாள் வேலை. நாலைந்து விழா போதும். நுழைவுக் கட்டணம் எவ்வளவு, கட்டணமே இல்லாதவை எவை என்று பார்த்துப் பட்டியல் போடட்டும்.

நகையை அடகு வைத்தாவது அடுத்து முழுநீளப் படம் என்ற பேச்சுக்கும் இத்தோடு முற்றுப்புள்ளி. அவள் என்னிடம் தனியாகப் பேசினாள். இன்னும் ரெண்டு குறும்படம் எடுத்துப் பழகணும் என்கிறாள். எடுக்கட்டும். அவள் தொழில், அவள் வேகம்.

படத்தையும் பார்த்தேன். பாட்டி போனில் தமிழில் பேசுகிறார், கீழே ஸ்பானிஷ் சப்டைட்டில். "உனக்கு எத்தனை வயசுடி ஆச்சு?" என்கிற இடத்தில் 'ஆன்யோஸ்' என்று வர வேண்டியது, எழுத்தின் தலைமேல் இருக்கும் சுழி உதிர்ந்து 'ஆனோஸ்' ஆகிவிட்டது. சுழி இருந்தால் வருஷம், இல்லாவிட்டால் ஆசனவாய். அதைத் திருத்தாமல் எங்கேயும் அனுப்பாதே என்றேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்னம்மா தப்பு?" என்று வீடியோ காலில் அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிவரை சொல்லவில்லை.