கலரை வெச்சு பூமியை வெட்டிப் பாக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார் வணக்கம். நான் எம்எஸ்சி ஜியாலஜி ரெண்டாம் வருஷம், வீடு கருப்பூர் பக்கம். ப்ராஜெக்ட்டுக்கு சாக் ஹில்ஸ்ல இருந்து ஏற்காடு அடிவாரம் வரைக்கும் 14 போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டப்போ வந்த தூளை எடுத்து, மன்செல் சார்ட் (மண்ணு கலரை ஒப்பிட்டு கோட் குடுக்குற அட்டை) வெச்சு கலர் எழுதியிருக்கேன். அதை ஆர்ஜிபியா (சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு நம்பரா) மாத்தி சாஃப்ட்வேர்ல போட்டு குறுக்குவெட்டு எடுத்தா படம் சூப்பரா வருது, ஆனா மேல இருக்க செம்மண்ணுக்கும் கீழ இருக்க பச்சை கலந்த சாம்பலுக்கும் நடுவுல பிரவுன் கலர்ல ஒரு லேயர் வருது. நான் எந்த போர்லயும் பிரவுன்னு எழுதவே இல்ல. கைடு இது என்ன பாறைன்னு கேக்குறார். அடிவாரத்து சரிவுல செம்மண்ணு படிக்கட்டு மாதிரி வேற தெரியுது. எங்க தப்பு பண்ணேன்?
(ஒரு மாணவர், கருப்பூர்)

பதில்: தம்பி, நீங்க எழுதாத கலரு படத்துல இருக்குன்னு கவனிச்சீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம், நெறைய பேர் படம் அழகா இருக்குன்னு அப்படியே பைண்டிங்குக்கு குடுத்துடுவாங்க.

அந்த பிரவுனு எந்த பாறையும் இல்ல, அது கணக்கு. உங்க செம்மண்ணு ஆர்ஜிபில 170, 70, 40ன்னு வெச்சுக்குவோம், கீழ இருக்க சாம்பல் 110, 120, 100. சாஃப்ட்வேர் சிவப்புக்கு ஒரு தடவை, பச்சைக்கு ஒரு தடவை, நீலத்துக்கு ஒரு தடவைன்னு மூணு நம்பரையும் தனித்தனியா எடுத்து, பக்கத்துல இருக்க போருக்கு அதிக வெயிட், தூரத்துல இருக்கதுக்கு கம்மி வெயிட்டுன்னு சராசரி போட்டு நடுவுல நிரப்பும். ரெண்டுக்கும் சரி நடுவுல வர்ற புள்ளி என்ன ஆகும்? 140, 95, 70. அதுதான் உங்க பிரவுன். கைடு கிட்ட இந்தக் கணக்கை பேப்பர்ல போட்டே காட்டுங்க.

கலருக்கு நம்பர் கோட் குடுத்தா சரியாயிடும்னு சிலர் சொல்லுவாங்க, செம்மண்ணு 1, மஞ்சள் 2, வெள்ளை 3, சாம்பல் 5ன்னு. அது இன்னும் மோசம். 1க்கும் 5க்கும் நடுவுல சராசரி 3, உடனே செம்மண்ணுக்கும் சாம்பலுக்கும் இடையில வெள்ளை வந்து உக்காந்துக்கும், அதுவும் சாக் ஹில்ஸ் பக்கம் வெள்ளைன்னா பாக்குறவங்க அங்க கிடைக்குற மேக்னசைட்டுங்கற வெள்ளைக் கனிமம்னுதான் நினைப்பாங்க! கோட்ங்கறது பேரு மாதிரி, அதைக் கூட்டி வகுக்கக் கூடாது. பேரா இருக்கதை நிரப்பணும்னா எந்த போர் கிட்டக்க இருக்கோ அதோட கலரையே எடுத்துக்குற முறையைத் தேர்ந்தெடுங்க, இல்லன்னா ஒவ்வொரு கலருக்கும் இருக்கு இல்லன்னு 1, 0 போட்டு தனித்தனியா ஓட்டி, ஒவ்வொரு இடத்துலயும் எது ஜாஸ்தி வருதோ அதை வைங்க. எல்லைக்கோடு கொஞ்சம் முரடா வரும், வரட்டும், இல்லாத லேயர் வராது.

அடுத்து அந்தப் படிக்கட்டு. எனக்கு உங்க கடிதத்துலயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான், ஏன்னா இது சாஃப்ட்வேர் பிரச்சனை மாதிரி தெரிஞ்சாலும் உள்ள இருக்கது ஜியாலஜி. அடிவாரத்துல மேல இருக்க போரோட வாய் 420 மீட்டர் உயரத்துல இருக்கு, கீழ இருக்கது 380ன்னு வைங்க. ரெண்டுலயும் செம்மண்ணு 8 மீட்டர். இப்ப சாஃப்ட்வேர் 378 மீட்டர் மட்டத்துல கிடைமட்டமா பாக்குது, கீழ் போர்ல அங்க செம்மண்ணு, மேல் போர்ல அதே மட்டம்னா 42 மீட்டர் ஆழம், அங்க சாம்பல் பாறை. ரெண்டையும் ஒரே லேயர் மாதிரி இணைக்கப் பாத்து நடுவுல உடைச்சுடுது. கடலூர், நெய்வேலி மாதிரி படிவு பூமின்னா கிடைமட்டமா தேடுறது சரியா இருக்கும். நம்ம சேலம் அப்படி இல்லயே, இங்க அடியில இருக்கது சார்னோக்கைட், நைஸ்ங்கற கெட்டிப் பாறைங்க, நீங்க எழுதுன செம்மண்ணு, மஞ்சள், உதிர்ந்த பாறை எல்லாம் அதே பாறை மேல இருந்து கீழ மக்கிட்டு வந்த படிகள். மக்குறது தரையில இருந்து உள்ள இறங்குது, அதனால கலர் மாறுற கோடும் பெரும்பாலும் தரையை ஒட்டியே சரிஞ்சு போகும்.

அதுக்கு வழி என்னன்னா, கடல் மட்ட உயரத்துல நிரப்பாம தரையில இருந்து எவ்வளவு ஆழம்ங்கறதுல நிரப்புங்க. எல்லா போரோட வாயையும் பூஜ்யம்னு வெச்சு, ஆழத்தை மட்டும் வெச்சு கட்டம் கட்டமா நிரப்பி (கிரிட் போட்டு), முடிச்சப்புறம் தரை உயரத்துல இருந்து அந்த ஆழத்தைக் கழிச்சு பழைய இடத்துக்கு இறக்கிடுங்க. சில சாஃப்ட்வேர்ல இதுக்கு ஆப்ஷனே இருக்கு, இல்லன்னா எக்ஸெல்லயே செஞ்சுடலாம். படிக்கட்டு காணாம போயிடும்.

ஆனா மேக்னசைட்டுக்கு இதைப் பண்ணாதீங்க. அது டியூனைட் பாறையில நரம்பு நரம்பா, கிளை கிளையா ஓடுறது, ஒரு போர்ல 20 மீட்டர்ல வெள்ளை கிடைச்சு 300 மீட்டர் தள்ளி இன்னொரு போர்ல 22 மீட்டர்ல வெள்ளை கிடைச்சா அது ஒரே நரம்புன்னு அர்த்தமே இல்ல. அந்த இடத்துல கலரை இணைக்காம போர் பட்டையில (படத்துல ஒவ்வொரு போரையும் காட்டுற செங்குத்துப் பட்டை) மட்டும் காட்டி, நடுவுல காலியா விடுங்க.

வெள்ளைன்னு சொன்னதும் இன்னொண்ணு, இதை சாஃப்ட்வேர் கிட்ட போறதுக்கு முன்னாடியே தீர்த்தாகணும். நம்ம ஊர்ல தூள்ல வெள்ளை வந்தா அது மேக்னசைட்டா இருக்கலாம், சுக்கான் கல்லா இருக்கலாம், ஃபெல்ட்ஸ்பார் மக்கி வந்த கயோலினா (வெள்ளைக் களிமண்) இருக்கலாம், குவார்ட்ஸா இருக்கலாம். மன்செல் சார்ட்டுக்கு நாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரு டீ வடிகட்டில ஒரு கைப்பிடி தூளைப் போட்டு தண்ணி ஊத்தி அலசுங்க, மேல ஒட்டுன செம்பொடி கரைஞ்சு ஓடிட்டு கீழ சில்லு சில்லா நிக்கும், அதுல வெள்ளைச் சில்லை மட்டும் பொறுக்கி தட்டுல வெச்சு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு சொட்டு விடுங்க. சுக்கான்னா உடனே சுர்ர்னு நுரைக்கும். மேக்னசைட் ஆசிட் குளிர்ச்சியா இருக்கும்போது சும்மா கிடக்கும், சூடு பண்ணாதான் நுரை வரும். ரெண்டுலயும் நுரைக்கலயா, நகத்தால கீறிப் பாருங்க, கயோலின் மாவா வரும், குவார்ட்ஸ் அசையாது. அலசுன தட்டுல கறுப்பா எண்ணெய் தடவுன மாதிரி மினுக்குற சில்லும், நீலம் கலந்த குவார்ட்ஸும் சேந்து நின்னா சார்னோக்கைட் வந்துடுச்சுன்னு கிட்டத்தட்ட உறுதி. இதையெல்லாம் அட்டவணையில கலர் பத்திக்குப் பக்கத்துல இன்னொரு பத்தியா எழுதுங்க. செக்‌ஷன்ல கோடு இணைக்கிறது அந்தப் புதுப் பத்தியை வெச்சு, கலர் போர் பட்டைக்குள்ள மட்டும். ஒண்ணு நீங்க கண்ணால பாத்தது, இன்னொண்ணு நீங்க முடிவு பண்ணுனது, ரெண்டும் படத்துல கலக்கவே கூடாது. மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல, இதை மறக்காதீங்க.

கலர் எழுதுறப்போ ஈரமா காஞ்சதான்னும் எழுதுங்க. அதே மண்ணு தண்ணி பட்டா மன்செல் வேல்யூ (கலர் எவ்வளவு வெளிர்ங்கற நம்பர்) ஒண்ணு ரெண்டு படி இறங்கி கருத்துடும், ஒரு போர்ல காஞ்சது, அடுத்ததுல ஈரம்னு எழுதுனா செக்‌ஷன்ல இல்லாத மாற்றம் தெரியும். நிழல்ல பாக்கணும்தான், ஆனா தார்ப்பாய் நிழல்ல வேண்டாம். ஆரம்பத்துல நான் நீலத் தார்ப்பாய்க்கு அடியில உக்காந்து ஒரு போர் முழுக்க கலர் எழுதிட்டு, வீட்டுக்கு வந்து அதே பாக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்துல பாத்தா ஒண்ணுகூட பொருந்தல, அத்தனையும் திரும்ப எழுதுனேன். மன்செல் குறியீட்டை கைக்கணக்கா ஆர்ஜிபி ஆக்காதீங்க, ஆர்ங்கற கம்ப்யூட்டர் மொழியில ஏக்யூபின்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, 5ஒய்ஆர் 4/6 மாதிரி குறியீட்டைக் குடுத்தா அதுவே மாத்திக் குடுக்கும். மூலக் குறியீட்டை மட்டும் அழிச்சுடாதீங்க, ஆர்ஜிபில இருந்து திரும்பி வர்றது கஷ்டம்.

கடைசியா, படத்துல செங்குத்தை எத்தனை மடங்கு இழுத்திருக்கீங்கன்னு கட்டாயம் போடுங்க. 4 கிலோமீட்டர் நீளம், 60 மீட்டர் ஆழம்னா இழுக்காம எதுவும் தெரியாது, வாஸ்தவம்தான், ஆனா 5 மடங்கு இழுத்தா 5 டிகிரி சரிவு ஏறக்குறைய 24 டிகிரியா தெரியும், பாக்குறவங்க அதை நிஜச் சரிவுன்னு எடுத்துக்குவாங்க.

கேள்வி: ஓமலூர்ல 6 போர், எடப்பாடியில 4 போர், எல்லாம் ஜிபிஎஸ்ல யூடிஎம்மா எடுத்தோம். சாஃப்ட்வேர்ல போட்டா எடப்பாடி போர் நாலும் எங்கயோ ஓடிப் போயிடுது. ஜிபிஎஸ் கெட்டுப் போச்சா?
(ஒரு சர்வேயர், ஓமலூர்)

பதில்: ஜிபிஎஸ் நல்லாதான் இருக்கு. நம்ம மாவட்டத்துக்குன்னே இருக்க தொந்தரவு இது. யூடிஎம்ங்கறது பூமியைப் பட்டை பட்டையா பிரிச்சு மீட்டர்ல இடம் சொல்ற முறை, அதுல 43ஆவது பட்டைக்கும் 44ஆவது பட்டைக்கும் எல்லை 78 டிகிரி தீர்க்கரேகை, அது நம்ம மாவட்டத்துக்குள்ளயே போகுது. சேலம், ஓமலூர் 44ல, எடப்பாடி, சங்ககிரி, மேட்டூர் 43ல. எல்லைக்கோட்டு மேல இருக்க ஒரே புள்ளிக்கு 43ல கிழக்குத் தூரம் சுமார் 8 லட்சத்து 27 ஆயிரம் மீட்டர், 44ல சுமார் 1 லட்சத்து 73 ஆயிரம் மீட்டர், அதனால உங்க போர் கிட்டத்தட்ட 650 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிக்குது. கியூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர்ல எடப்பாடி போரை ஈபிஎஸ்ஜி 32643ன்னு (43ஆவது பட்டையோட கோட் நம்பர்) திறந்து 32644க்கு (44ஆவது பட்டை) மாத்தி சேவ் பண்ணிட்டு, அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணா சேருங்க. வாய் உயரத்துக்கு கையில பிடிக்கிற ஜிபிஎஸ் காட்டுறதை நம்பாதீங்க, அது பல மீட்டர் ஏறி இறங்கும், லெவல் பிடிச்சா நல்லது, முடியலன்னா எல்லாப் போருக்கும் ஒரே உயர மாடல்ல இருந்து எடுங்க.

கேள்வி: அய்யா, நான் விவசாயி. அடுத்த மாசம் போர் போடப் போறேன். என்ன கலர்ல தூள் வருதுன்னு எழுதி வெச்சா யாருக்காவது பிரயோஜனப்படுமா? நான் கம்ப்யூட்டர் எல்லாம் பாக்கறதில்லைங்க.
(ஒரு வாசகர், அயோத்தியாப்பட்டணம்)

பதில்: அண்ணே, கட்டாயம் எழுதி வைங்க. மேல கேட்ட தம்பி மாதிரி பசங்களுக்கு உங்க நோட்டுதான் ஆதாரம், நாளைக்கு உங்க தோட்டத்துலயே இன்னொரு போர் போட்டாலும் கேசிங் எவ்வளவு வேணும்னு அதைப் பாத்தே சொல்லிடலாம்.

வண்டிக்காரர் ஒவ்வொரு ராடு மாட்டும்போதும் ஒரு கைப்பிடி தூளை வாங்கி, வாழை இலை மேலயோ சாக்கு மேலயோ வரிசையா குவிச்சு வெச்சுட்டே வாங்க. ராடு 20 அடின்னா முதல் குவியல் 0ல இருந்து 20, ரெண்டாவது 20ல இருந்து 40ன்னு நோட்டுல எழுதுங்க. அடிக் கணக்குலயே எழுதுங்க, மீட்டருக்கு நாங்க மாத்திக்குறோம் (0.3048 ஆல பெருக்குனா போதும்), ஆனா அடின்னு மேல போட்டுருங்க, அது இல்லாத நோட்டு வந்தா 300ங்கறது அடியா மீட்டரான்னே தெரியாம முழுசும் வீணாப் போகுது. கேசிங் இறக்குற வரைக்கும் மேல் செம்மண்ணு உதிர்ந்து தூள்ல கலந்துட்டே வரும், அதனால கேசிங் எத்தனை அடின்னும், எத்தனை அடியில முதல் ஈரம் பட்டுச்சு, எத்தனை அடியில ஊத்து வந்துச்சுன்னும் எழுதுங்க. ஊத்து வந்தப்புறம் தூளா வராது, சேறா வரும், அதை கொஞ்சம் அலசிட்டுப் பாருங்க. செம்பொடி, மஞ்சப்பொடி, வெள்ளை, கருங்கல் பொடின்னு நம்ம பேச்சுல எழுதுனாலே போதும். குவியலை காலை வெயில் நேரா படாத இடத்துல வெச்சு, பக்கத்துல ஒரு வெள்ளைத் தாளும் இருக்க மாதிரி ஃபோன்ல ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க வீட்டுப் பசங்களை, தாளோட வெள்ளையை வெச்சு படத்துல கலர் எவ்வளவு மாறியிருக்குன்னு கண்டுபிடிச்சுடலாம். நோட்டோட முதல் பக்கத்துல சர்வே நம்பர், தேதி, கிணத்துல இருந்து எந்தப் பக்கம் எத்தனை அடி தள்ளிப் போட்டீங்கன்னு எழுதிடுங்க.