நிராகரிப்புச் சிகிச்சைக்கு எந்தப் பணத்தை எடுப்பது?

கேள்வி: கணவருக்குச் சிறுநீரகம் மாற்றி 4 மாதம் ஆகிறது. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) ஏறியதால் பயாப்ஸி (சிறுநீரகத் திசுவை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். திடீர் நிராகரிப்பு, அதாவது புதுச் சிறுநீரகத்தை உடல் எதிர்த்துத் தாக்குகிறது என்று வந்திருக்கிறது. ஊசி போடுவோம், கேட்காவிட்டால் அடுத்த மருந்து என்கிறார் டாக்டர். வைப்புநிதியும் ஓய்வுக்காலச் சேமிப்பும் உள்ளன. வட்டி போகாமல் இருக்கக் கடன் வாங்கலாமா? தினசரி மாத்திரைச் செலவைக் குறைக்கலாமா?

பதில்: கடன் வேண்டாம், வைப்புநிதியை எடுங்கள். பாதியில் உடைப்பதால் போகிற வட்டி, தனிநபர் கடனுக்குக் கட்டும் வட்டியைவிடப் பெரும்பாலும் குறைவுதான். பகுதியாக எடுக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். அதற்காக ஊசியை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

எவ்வளவு எடுப்பது? அதற்கு விடை பயாப்ஸி அறிக்கையில் இருக்கிறது. எந்த வகை நிராகரிப்பு, எவ்வளவு தீவிரம் என்று டாக்டரிடம் கேளுங்கள். டி-செல்கள் என்ற நோய் எதிர்ப்பு ரத்த அணுக்களால் வந்ததென்றால் வழக்கமாக முதலில் மீத்தைல்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 3 முதல் 5 நாள் நரம்பில் ஏற்றுவார்கள். பழைய மருந்து, விலை அதிகமில்லை; பலருக்கு இதிலேயே கிரியாட்டினின் இறங்கிவிடும். இறங்காவிட்டாலோ, பாதிப்பு கடுமையாக இருந்தாலோ, அந்த டி-செல்களை அழிக்கும் ஏடிஜி ஊசி. அதன் செலவு பல மடங்கு. எதிர்ப்புரதங்களால் (ஆன்டிபாடி) வந்த நிராகரிப்பு என்றால் பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை நீக்கி மாற்றுவது), ஐவிஐஜி (தானம் செய்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புரத ஊசி) என்று பல சுற்றுகள் போகலாம். பில் பெரிதாக ஏறுவது இங்கேதான். காப்பீடு இருந்தால், அடுத்த கட்ட மருந்துக்கு முன் அனுமதி வேண்டுமா என்று இப்போதே விசாரித்து, பயாப்ஸி நகலோடு டாக்டரின் கடிதத்தையும் வாங்கி வையுங்கள்.

டிஸ்சார்ஜ் பில்லோடு செலவு முடிவதில்லை. ஏடிஜி போட்டால் தொற்று வராமலிருக்க வால்கான்சிக்ளோவிர் போன்ற மாத்திரைகள் சில மாதம் தேவைப்படலாம். அவை விலை கூடியவை. அடிக்கடி ரத்தப் பரிசோதனை இருக்கும், ஸ்டீராய்டால் சர்க்கரையும் ஏறலாம். எடுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று தனிக் கணக்கில் போடுங்கள்.

தினசரி மாத்திரையைக் குறைக்காதீர்கள், தயவுசெய்து. வேளை தவறுவதே நிராகரிப்புக்கு ஒரு முக்கியக் காரணம். நிராகரிப்பைத் தடுக்கும் தினசரி மாத்திரையான டாக்ரோலிமஸில் விலை குறைந்த கம்பெனிக்கு மாறுவதென்றால் டாக்டர் சொல்லி மாறுங்கள். மாறியபின் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தே ஆகவேண்டும்.

ஓய்வுக்காலச் சேமிப்பைக் கடைசியாகத் தொடலாம். வைப்புநிதி அவர் பெயரில் மட்டும் இருக்கிறதா? அப்படியானால் அட்மிட் ஆகும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.