பதிப்பகத்தில் யாரையும் தெரியாதவர் வழிகாட்டியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி, எம்.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். அப்பா, அம்மா இருவரும் விவசாயக் கூலிகள். புத்தகப் பதிப்பில், குறிப்பாகப் பிரதியைச் செம்மையாக்கும் வேலையில் சேர விரும்புகிறேன். இத்துறையில் எங்களுக்கு யாரையும் தெரியாது. "நல்ல வழிகாட்டியாகப் பார்த்துச் சேர்ந்துகொள்" என்கிறார்கள். அப்படி ஒருவரை எங்கே தேடுவது? முதலில் சம்பளமில்லாமல் வேலை செய்து காட்ட வேண்டுமா? நான் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவள் என்பதைச் சொல்ல வேண்டுமா?

பதில்: சம்பளமில்லாமல் வேலை செய்யாதீர்கள். உங்கள் திறமையை அறிய நான்கைந்து பக்கங்களைத் திருத்தித் தரச் சொன்னால் அது நியாயம், செய்து கொடுங்கள். ஒரு முழு நூலைக் கையில் கொடுத்து, "பார்த்துத் தாருங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றால் அது கூலி தராத வேலை. வீட்டிலிருந்து பணம் வரும் பிள்ளைகள் ஆறு மாதம் அப்படிக் காத்திருந்து உள்ளே போய்விடுவார்கள். உங்களால் அது முடியாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரிட்டனில் 2012இல் தொடங்கப்பட்ட கிரியேட்டிவ் ஆக்சஸ் என்ற அமைப்பு, பதிப்பு உள்ளிட்ட துறைகளில் வாய்ப்புக் கிடைக்காத சமூகங்களின் இளைஞர்களைச் சம்பளத்துடன் கூடிய பயிற்சிகளில்தான் சேர்த்துவிடுகிறது. வறுமையில் இருப்பவரிடம் இலவச உழைப்பைக் கேட்பது கதவை மூடுவதற்குச் சமம் என்பதை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இனி வழிகாட்டி. தமிழ்ப் பதிப்பகங்களில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. ஆள் தேவை என்று விளம்பரம் வருவது அரிது. "நம்பிக்கையான ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்பார், அவர் தமக்குத் தெரிந்த ஒரு பெயரைச் சொல்வார், அந்த இடம் நிரம்பிவிடும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே வேலை ஒரே வட்டத்துக்குள் சுற்றிவருவது இப்படித்தான். பதிப்புக்கு நெருக்கமான செய்தித்துறையில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபாம் இந்தியா என்ற தொண்டு நிறுவனமும் நியூஸ்லாண்ட்ரி என்ற செய்தித் தளமும் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆராயப்பட்ட 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர் இருந்தார்கள். தலித் ஒருவர்கூட இல்லை, பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை.

ஆகவே ஒற்று மிகும் இடங்களைச் சொல்லித்தரும் ஆசிரியர் மட்டும் உங்களுக்குப் போதாது. அதை நல்ல இலக்கண நூலிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். நீங்கள் இல்லாத இடத்தில் உங்கள் பெயரைச் சொல்லக்கூடியவர் வேண்டும். அப்படி ஒருவர் சொல்ல வேண்டுமானால், நம்பி எடுத்துக்காட்டும்படியான வேலை ஏதாவது உங்களிடம் இருக்க வேண்டும். அதை முதலில் உருவாக்கிக்கொள்ளுங்கள்.

யாருடைய அனுமதியும் சிபாரிசும் இல்லாமல் இன்றே தொடங்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் பக்கங்கள் ஏராளமாக இருக்கின்றன. ஒரு பக்கம் பழைய நூலின் படம், பக்கத்திலேயே கணினி படித்தெடுத்த எழுத்து. பிழைகளைத் திருத்தி, திருத்தியாயிற்று என்று குறித்துச் சேமித்தால் அந்தப் பக்கம் மஞ்சள் குறி பெறும். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். யார் எதை மாற்றினார்கள் என்பது முழுவதும் பதிவாகும். மாதம் ஒரு முறை, உங்கள் பக்கங்களில் அடுத்தவர் திருத்தியதை மட்டும் எடுத்துப் பாருங்கள். உங்கள் கண் எங்கே தவறுகிறது என்பது தெரிந்துவிடும். ரகர றகரமா, மேற்கோள் குறியா, பத்திப் பிரிப்பா? இதுவும் சம்பளமில்லாத வேலைதானே என்று நீங்கள் கேட்கலாம். இதில் எந்த முதலாளியும் உங்கள் உழைப்பை விற்பதில்லை, கெடு வைப்பதில்லை. செய்த வேலை உங்கள் கணக்கில் எல்லோரும் பார்க்கும்படி நிற்கிறது.

மெய்ப்புப் பார்ப்பது, அதாவது எழுத்துப் பிழைகளைத் திருத்துவது வேறு; மொழியையும் நடையையும் சீராக்கிப் பிரதியைச் செம்மையாக்குவது வேறு. இரண்டாவதற்கும் ஒரு மாதிரி வேண்டும். நண்பரின் கட்டுரையையோ ஆய்வேட்டின் ஒரு பகுதியையோ அவர் அனுமதியுடன் எடுத்து மூன்று பக்கம் செம்மையாக்குங்கள். மூலம், திருத்திய வடிவம் இரண்டையும் வைத்துக்கொண்டு, எதை ஏன் மாற்றினீர்கள், எதைத் தொடாமல் விட்டீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். அனுபவமுள்ள பதிப்பாசிரியர் அந்தக் குறிப்பைத்தான் முதலில் படிப்பார். தொடாமல் விடத் தெரிந்தவர்கள் குறைவு. வயல் வேலை தெரியாத ஒருவர், வரப்போரத்தை வெட்டிச் சீராக்குவதைக் குறித்து நாவலில் வரும் 'அண்டை வெட்டினான்' என்ற தொடரைப் பிழையென்று கருதி மாற்றிவிடக்கூடும். உங்கள் கை அங்கே நின்றுவிடும். உங்கள் பெற்றோரின் உழைப்பிலிருந்து வந்த இந்த அறிவு இத்துறைக்கு மெய்யாகவே தேவைப்படுகிறது. அதைக் குறையாக நினைத்து மறைக்க வேண்டாம்.

யாரை அணுகுவது? பதிப்பக உரிமையாளரிடம் நேராகப் போவதைவிட, அங்கே பிரதியில் நேரடியாக வேலை செய்பவர்களைத் தேடுங்கள். உங்களுக்குப் பிடித்த இருபது நூல்களில் பதிப்பு விவரங்கள் அச்சிட்ட உரிமைப் பக்கத்தைத் திறந்து, மெய்ப்பு, வடிவமைப்பு என்ற இடங்களில் உள்ள பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் முன்னுரையின் கடைசிப் பத்தியில் யாருக்கு நன்றி சொல்கிறார் என்றும் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் சில இருக்கும். கைக்கு மீறி வேலை வரும்போது பகிர்ந்துகொள்ள ஆள் தேடுபவர்கள் இவர்கள்தான். சென்னையை மட்டும் நினைக்காதீர்கள். காலச்சுவடு பதிப்பகம் நாகர்கோவிலில் இருக்கிறது, எதிர் வெளியீடு பொள்ளாச்சியில், விடியல் கோவையில், வம்சி உங்களுக்கு அருகே திருவண்ணாமலையில். விடுதி வாடகை கொடுத்துச் சென்னையில் தங்க முடியாமல் இத்துறையை விட்டவர்கள் உண்டு. இன்று இந்த வேலையில் பெரும்பகுதியைக் கணினி வழியாக வீட்டிலிருந்தே செய்யலாம்.

பயிற்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய அரசின் நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகப் பதிப்புக்கான குறுகிய காலப் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது, அறிவிப்பைக் கவனித்துவாருங்கள். அதே நிறுவனம் நடைமுறைப்படுத்தும் பிரதமர் யுவா திட்டத்தைப் பலர் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். 2021இல் தொடங்கிய அத்திட்டம் 30 வயதுக்குட்பட்ட எழுத்தாளர்களுக்கானது. தேர்வானவர்களுக்கு ஆறு மாதம், மாதம் 50,000 ரூபாய் உதவித்தொகையும் வழிகாட்டுதலும் கிடைக்கும். நூல் எழுதும் எண்ணம் இருந்தால் மட்டும் விண்ணப்பியுங்கள். கொல்கத்தாவின் சீகல் பதிப்பகம் நடத்தும் பதிப்புக் கல்விக்கூடத்தில் 2012இல் பயின்ற ரூபி ஹெம்ப்ரோம் என்ற சந்தாலிப் பெண், பழங்குடியினரின் குரல் பதிப்புலகில் இல்லாததை உணர்ந்து, அதே ஆண்டில் ஆதிவாணி பதிப்பகத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்டவர்கள் தாமே அச்சில் பேசும் இந்த மரபு தமிழ்நாட்டில் இன்னும் பழையது. இரட்டைமலை சீனிவாசன் 1893இலேயே 'பறையன்' இதழை நடத்தினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அச்சுலகில் நீங்கள் விருந்தாளி அல்லர்.

உடனே சம்பளம் வேண்டுமென்றால், சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்காக ஆய்விதழ்களையும் பாடநூல்களையும் தயாரித்துத் தரும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. அங்கே ஆங்கிலம் தேவைப்படும், வேலை சலிப்பாகவும் இருக்கலாம். ஆனால் நடைவிதிகளைப் பின்பற்றுவது, கெடுவுக்குள் முடிப்பது ஆகியவற்றை அங்கே கற்கலாம். அதைத் தாழ்ந்த வாசல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோபல் பரிசு பெற்ற அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் 1965இல் பதிப்பாசிரியராகச் சேர்ந்தது ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தின் பாடநூல் பிரிவில்தான். பிறகு அதே நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகத்தில் புனைவுப் பதிப்பாசிரியராக உயர்ந்து, கறுப்பின எழுத்தாளர்கள் பலரின் நூல்களைக் கொண்டுவந்தார்.

சாதியைச் சொல்வது பற்றி. வேலை விண்ணப்பத்தில் அதை எழுத வேண்டிய கட்டாயமில்லை. ஒரு நல்கையோ பயிற்சித் திட்டமோ உங்கள் சமூகத்தினருக்கு இடம் ஒதுக்கியிருந்தால் தயங்காமல் சான்றிதழைக் கொடுங்கள். அது உங்கள் உரிமை. "உங்கள் ஊரில் எந்தத் தெரு?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பவர்களைச் சந்திப்பீர்கள். பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். அந்தக் கேள்வியைக் கேட்டவரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் உங்களுக்கு வழிகாட்டி ஆகமாட்டார். இன்னொன்றிலும் கவனம் வேண்டும். உங்கள் பின்னணி தெரிந்தபின் தலித் நூல்களை மட்டுமே உங்களிடம் தரக்கூடும். அந்நூல்களை நீங்கள் மிகச் சிறப்பாகச் செய்வீர்கள், செய்யவும் வேண்டும். கூடவே வரலாறு, அறிவியல், மொழிபெயர்ப்பு என்று கேட்டு வாங்குங்கள். அப்படிக் கேட்காமல் விட்டால் சம்பளமும் பொறுப்பும் அந்த எல்லையிலேயே நின்றுவிடும். நல்ல வழிகாட்டி உங்களுக்காக இதைக் கேட்பார்.

ஒருவர் ஒப்புக்கொண்டால், மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம், ஆறு மாதத்துக்கு என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். எல்லையில்லாத உதவியைக் கேட்டால் யாரும் தயங்குவார்கள். பக்கத்துக்கு என்ன கூலி வாங்குகிறார்கள், பணம் எத்தனை நாளில் வரும் என்பதை முதல் மாதத்திலேயே கேளுங்கள். கூலியைச் சொல்ல மறுப்பவர், உங்கள் வேலையைத் தம் பெயரில் அனுப்புபவர், வீட்டு வேலை ஏவுபவர் எவராக இருந்தாலும் விலகிவிடுங்கள். சந்திப்பை அலுவலகத்திலோ நூலகத்திலோ வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடத்தில் நடந்த தவறையும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகாராகக் கொடுக்கலாம். சிறிய பதிப்பகம் என்பதால் கேட்பாரில்லை என்று எண்ண வேண்டாம்.

கடைசியாக, முதல் கடிதம். நவம்பர் முதல் ஜனவரி வரை யாருக்கும் எழுதாதீர்கள். சென்னைப் புத்தகக் காட்சிக்கான நூல்களை முடிக்க எல்லோரும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருப்பார்கள். பிப்ரவரி கடைசியில் எழுதுங்கள். இப்போது மாவட்டந்தோறும் அரசு நடத்தும் புத்தகத் திருவிழாக்களில் விற்பனை அரங்குகளுக்குத் தினக்கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள். அங்கே நின்றால் வாசகர் எதைக் கேட்கிறார், எதைப் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார் என்பது தெரியும், சிலரை நேரில் பார்த்துப் பேசவும் முடியும். கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். தாங்கள் செம்மையாக்கிய இந்த நாவலைப் படித்தேன். இரண்டு வட்டார வழக்குகள் ஒரே அத்தியாயத்தில் வந்தும் குழப்பமில்லாமல் இருப்பதைக் கவனித்தேன். நான் திருத்திய மூன்று பக்கங்களையும் குறிப்பையும் இணைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் உள்ள நீண்ட வாக்கியத்தைப் பிரித்தது சரிதானா என்று மட்டும் சொல்ல முடியுமா?"

இவ்வளவு போதும். குடும்பக் கதை வேண்டாம், வேலை கேட்க வேண்டாம், வழிகாட்டியாக இருங்கள் என்றும் எழுத வேண்டாம். பத்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வி. பதில் வந்தால் நன்றி சொல்லி, அவர் சொன்னபடி திருத்தி மீண்டும் அனுப்புங்கள்; இரண்டாவது கேள்வியை ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். மூன்று வாரமாகியும் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டுங்கள். பிறகு பட்டியலில் உள்ள அடுத்த பெயருக்கு எழுதுங்கள்.