எறும்பு வீட்டில் இழவு விழுந்தால்?

கேள்வி: காபி காய வைக்கிற களத்தில், செத்த எறும்பு ஒன்றை இன்னோர் எறும்பு கவ்விக்கொண்டு போய், கொஞ்சம் தள்ளி ஒரு குவியலில் போட்டுவிட்டுத் திரும்பியது. 'அடக்கம் பண்ணுதுடி' என்கிறார் பாட்டி. உண்மையா? (வாசகி, தாண்டிக்குடி)

பதில்: தூக்கிப்போனது பிணம்தான், ஆனால் போட்ட இடம் இடுகாடு இல்லை, குப்பைமேடு. ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள், விதைத்தோலும் பூச்சிக் கால்களும் அதிலேயே கிடக்கும்.

யார் செத்தது என்பதை எறும்பு முகர்ந்துதான் தெரிந்துகொள்கிறது. செத்த உடம்பு கெடும்போது அதில் ஒலியிக் அமிலம் சேர்கிறது. ஏதோ விஷம் என்று நினைக்காதீர்கள், நம் கடலை எண்ணெயில் இருக்கிற அதே கொழுப்பு அமிலம்தான். அமெரிக்காவில் எறும்பு ஆய்வாளர் எட்வர்டு வில்சனும் கூட்டாளிகளும் இதை உயிரோடு திரிந்த அறுவடை எறும்புகள் மேல் தடவிப் பார்த்தார்கள் (1958இல் வெளியான ஆய்வு). அவ்வளவுதான், காலை உதைத்துத் திமிறினாலும் விடாமல் மற்ற எறும்புகள் அவற்றைத் தூக்கிப்போய்க் குப்பையில் போட்டன. உடம்பை நக்கித் துடைத்துக்கொண்டு திரும்பினாலும், வாடை மிச்சமிருந்தால் மறுபடியும் குப்பைக்குத்தான்.

ஆனால் உடம்பு கெடும் வரை எல்லா எறும்பும் காத்திருப்பதில்லை. அர்ஜென்டினா எறும்பின் மேல் உயிரோடு இருக்கும்வரை இரண்டு ரசாயனங்கள் இருந்துகொண்டே இருக்கின்றன, செத்து ஒரு மணி நேரத்துக்குள் அவை மறைந்துவிடுகின்றன என்று 2009இல் கண்டுபிடித்தார்கள். ஓய்வூதியக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடிருக்கிறேன் என்று சான்று கொடுப்பாரே, இந்த எறும்பு அதை நொடிக்கு நொடி கொடுக்க வேண்டும்!

இதைத் துக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து வாழும் கூட்டில் ஒரு பிணத்தில் பூஞ்சை பிடித்தால் மொத்தக் குடும்பமும் காலி, அதனால்தான் இந்த அவசரம்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் அடுக்குத் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். பனிக்காலத்தில் வெயில் ஏறியதும் பெட்டி வாசலில் செத்த தேனீக்களை இழுத்து வந்து போடுகின்றன. நோயா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. வயதான தேனீக்கள் அதிகமும் பூத்தேடிப் போன இடத்திலேயே செத்துவிடும், கூட்டுக்குள் சாகிறவற்றைத்தான் அப்புறப்படுத்த வேண்டியிருக்கும். குளிரும் மூடுபனியுமாக இருக்கும் நேரத்தில் யாரும் வெளியே வர முடியாது, பிணங்கள் அடிப்பலகையில் சேர்ந்துவிடும், வெயில் வந்ததும் ஒரே மூச்சில் சுத்தம் செய்கின்றன, அதுதான் உங்கள் கண்ணில் படுகிறது. ஐரோப்பியத் தேனீக்களில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், ஒரு நேரத்தில் நூற்றில் ஒன்றுதான் இந்த வேலையில் இருக்குமாம். அதுவும் நடுவயதுத் தேனீக்கள். பிணத்தோடு பறந்துபோய்த் தூரத்தில் போடும், கனம் தாங்காவிட்டால் வாசலிலேயே விழும்.

வளர்ந்த தேனீயை விட்டுவிட்டுப் புழுக்களை இழுத்து வந்து போட்டால் மட்டும் பெட்டியைத் திறந்து பாருங்கள். புழு நிமிர்ந்து மல்லாந்து, தலை படகு மூக்குபோல் தூக்கி, தொட்டால் தண்ணீர்ப் பைபோல் இருந்தால் அது தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது இதுதான். அந்த அடையை ஆரோக்கியமான பெட்டிக்கு மாற்றவே மாற்றாதீர்கள்.

கேள்வி: கரையான்? (வாசகர், குன்னூர்)

பதில்: சிக்கனக்காரர்கள்! ஆய்வு செய்த நிலத்தடிக் கரையான் வகைகளில், தங்கள் கூட்டத்தில் புதிதாகச் செத்தவரைத் தின்றுவிடுகின்றன, நாள்பட்டதென்றால் மண் போட்டு மூடிவிடுகின்றன. மரத்தையே தின்று வாழ்கிறவர்களுக்கு நைட்ரஜன் எப்போதும் பற்றாக்குறை, செத்த உடம்பில் அது நிறைய இருக்கிறது.